மடோகா மேஜிகா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

‘புவெல்லா மாகி மடோகா மேஜிகா’ 2011 ஜனவரியில் ஜப்பானியத் தொலைக்காட்சியில் நள்ளிரவு தாண்டிய நேரத்தில் தொடங்கிய அனிமே (ஜப்பானிய அசைவூட்டம்) தொடர். மொத்தம் 12 அத்தியாயங்கள். பார்க்கலாமா என்று யோசிப்பவர்களும், பார்த்து முடித்து மனம் ஆறாமல் இருப்பவர்களும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். முதல் நான்கு பதில்களில் கதை வெளிப்படாது. ஐந்தாவதிலிருந்து எதையும் மறைக்கவில்லை. தொடரைப் பார்க்காதவர்கள் அங்கே நிறுத்திக்கொள்ளுங்கள்.

1. ‘மந்திரச் சிறுமி’ வகை என்றால் என்ன? அதில் இந்தத் தொடர் எங்கே வருகிறது?

சாதாரணப் பள்ளி மாணவி ஒருத்திக்கு மந்திர சக்தி கிடைக்கிறது. அதைக் கொண்டு அவள் பிறரைக் காக்கிறாள். இதுதான் இந்த வகையின் சாரம். 1966இல் ஒளிபரப்பான ‘மஹோட்சுகாய் சாலி’யிலிருந்து இதன் தொலைக்காட்சி வரலாறு தொடங்குகிறது. 1969இல் வந்த ‘அக்கோ சான்’ நாயகியின் கையில் ஒரு சிறிய மந்திரக் கண்ணாடியைக் கொடுத்தது. உருமாறுவதற்கு ஒரு பொருள் வேண்டும் என்ற வழக்கம் பிறகு இந்த வகையின் அடையாளமாகவே ஆகிவிட்டது. 1992இல் ‘சேலர் மூன்’ ஒற்றை நாயகியின் இடத்தில் ஒரு படையையே நிறுத்தியது. 2004இல் தொடங்கிய ‘பிரிக்யூர்’ வரிசை ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் இன்றும் தொடர்கிறது.

மடோகாவில் இந்த வகையின் எல்லா அடையாளங்களும் உண்டு. இளஞ்சிவப்புக் கூந்தல் கொண்ட மடோகா, பேசும் சிறிய வெள்ளைப் பிராணியான கியூபே, நகைபோல் மின்னும் ஒரு மணிக்கல், உருமாறும் காட்சிகள், தோழிகள். எதையும் மாற்றவில்லை. ஒவ்வொன்றுக்கும் என்ன விலை என்று மட்டும் கேட்கிறது.

2. யார் உருவாக்கியது?

ஷாஃப்ட் ஸ்டுடியோ. இயக்கம் அகியுகி ஷின்போ, கதை கென் உரோபுச்சி, பாத்திரங்களின் மூல வடிவமைப்பு உமே ஆவோகி, இசை யூகி கஜியூரா. இந்தக் கூட்டணியே பார்வையாளருக்கு வைத்த பொறி. ஆவோகி, நான்கு கட்டப் படக்கதையான ‘ஹிதமாரி ஸ்கெட்ச்’சில் உருண்டைக் கன்னங்களும் வெதுவெதுப்பான அன்றாடமும் வரைந்து பெயர் பெற்றவர். உரோபுச்சியோ இரக்கமற்ற முடிவுகளுக்குப் பெயர் போனவர். ஷின்போ 2004இல் ‘லிரிகல் நனோஹா’ என்ற மந்திரச் சிறுமித் தொடரை ஏற்கெனவே இயக்கியிருந்தார். ஆகவே இந்த வகையின் இலக்கணம் அவருக்குக் கைவந்தது. கதையின் இருட்டு வெளியே தெரியாதபடி ஒளிபரப்புக்கு முன்பு அடக்கியே வாசித்தார்கள்.

3. முதல் இரண்டு அத்தியாயங்கள் மெதுவாகப் போகின்றன. பொறுத்துப் பார்க்கலாமா?

பாருங்கள், மூன்றாவது முடியும் வரையாவது. ஆனால் முதல் இரண்டையும் கடமைக்குப் பார்க்காதீர்கள். மடோகாவின் வீட்டைக் கவனியுங்கள்: அலுவலகத்துக்கு ஓடும் அம்மா, வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அப்பா, காலையில் அம்மாவும் மகளும் கண்ணாடி முன்னால் நின்று பேசும் பேச்சு. பள்ளி வகுப்பறைகளின் சுவர்களெல்லாம் கண்ணாடி. யாரும் எதையும் ஒளிக்க முடியாத கட்டடம். பின்னால் வரும் ஒவ்வொரு அடியும் இந்த வெளிச்சத்தின் மேல்தான் விழுகிறது. முடிந்தால் ஜப்பானிய ஒலியில் பாருங்கள். கியூபேயாகப் பேசும் எமிரி கடோவின் குரல் தொடக்கம் முதல் கடைசி வரை ஒரே இனிமையில் நிற்கும். அந்த மாறாமையை வேறு எந்த வழியிலும் காட்டியிருக்க முடியாது.

4. குழந்தைகளோடு சேர்ந்து பார்க்கலாமா?

வேண்டாம். ரத்தம் குறைவுதான், ஆனால் மரணமும் தற்கொலையும் நம்பிக்கை முறிவும் கதையின் நடுவில் இருக்கின்றன. பதின்பருவத்தின் பிற்பகுதியில் இருப்பவர்கள் பார்க்கலாம். மனம் சோர்ந்திருக்கும் நாட்களில் பார்ப்பதாக இருந்தால் ஆறாவது முதல் எட்டாவது வரையுள்ள அத்தியாயங்களை ஒரே மூச்சில் பார்க்காதீர்கள்.

5. மூன்றாவது அத்தியாயத்தைப் பற்றி ஏன் இத்தனை பேச்சு?

மூத்த மந்திரச் சிறுமியான டொமோயே மாமி அதில் இறக்கிறாள். நாயகிக்கு வழிகாட்டியாக, எல்லாம் தெரிந்தவளாகக் காட்டப்பட்டவள் தொடர் சூடுபிடிக்கும் முன்பே போய்விடுகிறாள். அந்த மரணத்தைவிட அதற்கு முந்தைய நிமிடங்கள்தான் என்னை உலுக்கின. தனியாகப் போராடிக் களைத்துப்போன மாமியிடம் மடோகா, நானும் உங்களோடு சேர்ந்து போராடுகிறேன் என்கிறாள். மாமி அழுகிறாள். இனி தான் தனியாக இல்லை என்ற பூரிப்போடு, இனிப்புப் பண்டங்கள் நிறைந்த அந்த மாய உலகத்துக்குள் துள்ளிக்கொண்டு நுழைகிறாள். எதிரே இருப்பது பொம்மையளவே உள்ள ஒரு சூனியக்காரி. வென்றாயிற்று என்று நினைக்கும்போது அந்தப் பொம்மையின் வாயிலிருந்து நீண்ட கரிய உடல் ஒன்று வெளிவருகிறது. அப்போதும் மாமியின் முகத்தில் பயம் இல்லை, வியப்பு மட்டும்தான். பயப்பட நேரமே கொடுக்கவில்லை.

மகிழ்ச்சியாக இருந்ததால்தான் அவள் கவனம் சிதறியது. இதைச் சொல்லும் துணிச்சல் குழந்தைகளுக்கான கதைகளுக்கு வராது.

6. இந்த வகையில் இருண்ட கதை இதற்கு முன்பு வந்ததே இல்லையா?

வந்திருக்கிறது. 1982இல் தொடங்கிய ‘மின்கி மோமோ’வில் நாயகியே லாரி மோதி இறந்துபோனாள். ‘சேலர் மூன்’ முதல் பருவத்தின் இறுதியில் நான்கு தோழிகளும் ஒருவர் பின் ஒருவராக மடிந்தார்கள். 1997இன் ‘உதெனா’ இளவரசன் கதைகளையே தலைகீழாகப் புரட்டியது. ஆகவே சாவு புதிதில்லை. மடோகாதான் முதன்முதலில் இருட்டைக் கொண்டுவந்தது என்று சொல்வது முன்னோர்களுக்குச் செய்யும் அநீதி.

மடோகா கொண்டுவந்தது ஒப்பந்தத்தை. முந்தைய தொடர்களில் சக்தி என்பது கொடை. எதிரி வெளியிலிருந்து வருவான். இங்கே கியூபேயிடம் ஒரு வரம் கேட்டு, அதற்கு ஈடாகத் தன்னை ஒப்படைக்கிறாள் சிறுமி. அவள் உயிர் உடலிலிருந்து பிரிக்கப்பட்டு ‘சோல் ஜெம்’ என்ற மணிக்குள் அடைக்கப்படுகிறது. துயரமும் மந்திரப் பயன்பாடும் அந்த மணியைக் கறுப்பாக்குகின்றன. முழுக்கக் கறுத்தால் அவளே சூனியக்காரி ஆகிவிடுகிறாள். இதுவரை அவள் யாரைக் கொன்றுவந்தாளோ அவர்களும் ஒருகாலத்தில் இவளைப் போன்ற சிறுமிகள். காப்பவளும் எதிரியும் ஒரே ஆள். நடுவில் இருப்பது காலம் மட்டும்.

7. கியூபே எங்குமே பொய் சொல்லவில்லையே. அதை வில்லன் என்று சொல்லலாமா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். நிறுத்தி நிதானமாகப் பதில் சொல்ல விரும்புகிறேன்.

ஆறாவது அத்தியாயத்தில் மடோகாவின் தோழி சயாகாவும் இன்னொரு மந்திரச் சிறுமியான கியோகோவும் ஒரு மேம்பாலத்தின் மேல் மோதிக்கொள்ளப் போகிறார்கள். தடுக்க வழி தெரியாத மடோகா, சயாகாவின் மணியைப் பிடுங்கிப் பாலத்துக்குக் கீழே எறிகிறாள். அது ஓடிக்கொண்டிருக்கும் லாரி ஒன்றின் மேல் விழுந்து போய்விடுகிறது. மறுகணம் சயாகா சரிந்து விழுகிறாள். கியோகோ அவள் கழுத்தைப் பிடித்துத் தூக்கிப் பார்த்துவிட்டு, இவள் செத்துவிட்டாள் என்கிறாள். கியூபே நிதானமாக விளக்குகிறது: நீ எறிந்தது சயாகாவை, அவள் உடலை மணி இயக்கக்கூடிய தூரம் சுமார் 100 மீட்டர்தான். ஏன் முன்பே சொல்லவில்லை என்று பின்னால் கேட்கும்போது, நீங்கள் கேட்கவில்லையே என்கிறது.

பொய் சொல்லவில்லை என்பது உண்மை. ஆனால் யாரிடம், எந்த நேரத்தில் அது ஒப்பந்தத்தை நீட்டுகிறது என்று பாருங்கள். மாமி, பெற்றோரோடு சென்ற கார் விபத்தில் நசுங்கிக் கிடந்தபோது அவள் முன்னால் வந்து நிற்கிறது. உயிர் வேண்டும் என்பதைத் தவிர அவளால் வேறு என்ன கேட்க முடியும்? சயாகா, தான் நேசிக்கும் கியோசுகேயின் கை இனி வயலின் வாசிக்காது என்று அவன் வாயாலேயே கேட்டு நொறுங்கி நிற்கும் வேளையில் ஜன்னலருகே தென்படுகிறது. நிபந்தனைகளை விசாரிக்க முடியாத நிலையில் இருப்பவர்களிடம், விசாரிக்காதது உன் தவறு என்று சொல்வது எந்த நியாயத்திலும் சேராது. தான் சொல்வதன் விளைவு என்ன, சொல்லாததன் விளைவு என்ன என்று அதற்கு நன்றாகத் தெரியும். ஒன்பதாவது அத்தியாயத்தில் கியோகோ வீணாகச் சாவாள் என்று தெரிந்தும் தடுக்காமல் விட்டதை அது, மடோகாவைக் காக்கப் போராடும் மந்திரச் சிறுமி ஹோமுராவிடம் ஒளிக்காமல் ஒப்புக்கொள்கிறது. மடோகாவுக்கு ஒப்பந்தத்தைத் தவிர வேறு வழி இருக்கக்கூடாது, அவ்வளவுதான்.

வெறுப்பு இல்லை, ஆசை இல்லை, கோபம் இல்லை. ஹோமுரா அதைச் சுட்டுத் துளைக்கிறாள். இன்னொரு கியூபே வந்து செத்த உடலை நிதானமாகத் தின்று முடிக்கிறது, வீணாகக்கூடாதே என்று. தீமை செய்ய வெறி தேவையில்லை, கணக்கு போதும் என்பதை இவ்வளவு குளிர்ச்சியாகக் காட்டிய பாத்திரம் அனிமேயில் எனக்குத் தெரிந்து வேறில்லை. ஆம், வில்லன்தான்.

8. சயாகா பொறாமையால்தானே அழிந்தாள்? அவள் மேல் ஏன் இவ்வளவு இரக்கம்?

இல்லை. பொறாமை என்று மட்டும் படித்தால் தொடரின் இதயத்தையே தவறவிடுகிறோம்.

கியோசுகேயின் கை குணமாக வேண்டும் என்பது அவள் வரம். தனக்காக எதுவும் கேட்கவில்லை என்று அவள் நம்பினாள். ஐந்தாவது அத்தியாயத்தில் மருத்துவமனை மொட்டைமாடியில் அவன் மீண்டும் வயலின் வாசிக்கிறான்; அவள் கண்மூடிக் கேட்கிறாள். வருத்தமே இல்லை என்று நினைக்கிறாள். அந்தக் காட்சியில் அவள் சொல்வது அத்தனையும் உண்மை. பிறகு மணியின் ரகசியம் தெரிகிறது. தோழி ஹிதோமி வந்து, நானும் அவனை விரும்புகிறேன், உனக்கு ஒரு நாள் அவகாசம் தருகிறேன், அதற்குள் சொல்லிவிடு என்று நாணயமாகக் கேட்கிறாள். தன் உடல் இனி வெறும் கூடு என்று நினைக்கும் சயாகாவால், என்னை அணைத்துக்கொள் என்று ஒருவனிடம் கேட்க முடியவில்லை. அன்று ஹிதோமியைச் சூனியக்காரியிடமிருந்து காப்பாற்றியிருக்க வேண்டாமே என்று ஒரு கணம் தோன்றிவிட்டது. அந்த ஒரு கணத்தை அவள் தனக்கே மன்னிக்கவில்லை.

எட்டாவது அத்தியாயத்தின் ரயில் காட்சியை நினைத்துப் பாருங்கள். இரண்டு ஆண்கள், தங்களுக்காகச் சம்பாதித்துக் கொடுக்கும் பெண்களைப் பற்றிக் கேவலமாகப் பேசிக்கொண்டு வருகிறார்கள். சயாகா அவர்கள் முன்னால் போய் நிற்கிறாள்: நான் காப்பாற்றுவது இப்படிப்பட்ட உலகத்தையா, சொல்லுங்கள். அங்கே என்ன நடந்தது என்று தொடர் காட்டவில்லை. பிறகு ஆளில்லாத நிலையத்தில் கியோகோவின் அருகே உட்கார்ந்து, தான் எவ்வளவு முட்டாள் என்கிறாள். ஒரு துளிக் கண்ணீர் மணியின் மேல் விழுகிறது. மணி உடைகிறது.

நல்லவளாக மட்டுமே இருக்க வேண்டும் என்று ஒரு சிறுமி தன்மேல் சுமத்திக்கொண்ட பாரம் அவளைக் கொன்றது. பிறருக்காக வாழ்வதே பெண்ணுக்கு அழகு என்று இந்த வகையின் கதைகள் தலைமுறைகளாகச் சொல்லிவந்ததை சயாகா அப்படியே நம்பினாள். கோபப்படவும் அனுமதி உண்டு என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை.

9. கியோகோ ஏன் எப்போதும் எதையாவது தின்றுகொண்டே இருக்கிறாள்?

பசியில் வளர்ந்தவள். அவள் அப்பா ஒரு போதகர். புதிய கருத்துகளைப் பேசியதால் திருச்சபை அவரை விலக்கியது, குடும்பம் பட்டினி கிடந்தது. மக்கள் அப்பாவின் பேச்சைக் கேட்க வேண்டும் என்பது அவள் வரம். கூட்டம் மந்திரத்தால் வந்தது என்று தெரிந்ததும் அப்பா மகளைச் சூனியக்காரி என்று ஏசி, குடிக்கு அடிமையாகி, இறுதியில் குடும்பத்தைக் கொன்று தானும் செத்தார். இந்தக் கதையைச் சொல்லும்போது அவள் சயாகாவுக்கு ஓர் ஆப்பிளை நீட்டுகிறாள். பணம் கொடுத்து வாங்கியதா என்று கேட்டு சயாகா மறுத்துவிடுகிறாள். இருவரும் எவ்வளவு நெருங்க முடியும், எந்த இடத்தில் முடியாது என்பது அந்த ஆப்பிளில் தெரிந்துவிடுகிறது.

10. ஹோமுரா எல்லாவற்றையும் முதலிலேயே சொல்லியிருந்தால் தீர்ந்திருக்குமே?

சொன்னாள். பத்தாவது அத்தியாயம் அதற்காகவே இருக்கிறது.

மடோகாவைக் காக்கும் ஆளாகத் தான் மாறி, அவளை முதன்முதல் சந்தித்த நாளிலிருந்து மீண்டும் தொடங்க வேண்டும் என்பது ஹோமுராவின் வரம். அதனால் ஏறக்குறைய ஒரு மாத காலத்தை அவள் திரும்பத் திரும்ப வாழ்கிறாள். அப்படியொரு சுற்றில் கியூபேயின் சூழ்ச்சியைத் தோழிகள் எல்லோரிடமும் சொல்கிறாள். சயாகா நம்பவில்லை, நம்மைப் பிரிக்கப் பார்க்கிறாள் என்கிறாள். பிறகு சயாகாவே கண்முன்னால் சூனியக்காரியாக மாறும்போது உண்மை நிரூபணமாகிறது. உடனே மாமி கியோகோவைச் சுட்டுக் கொல்கிறாள். சூனியக்காரியாவதுதான் விதி என்றால் நாம் எல்லோரும் செத்துவிடுவதே மேல் என்று அழுதபடி ஹோமுராவை நோக்கித் துப்பாக்கியை நீட்டுகிறாள். மடோகா மாமியைக் கொன்று ஹோமுராவைக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது.

அந்தச் சுற்றின் முடிவில் இருவரும் மழையில் நனைந்து கிடக்கிறார்கள். மணியின் கறுப்பை நீக்க மீதமிருக்கும் கடைசி மருந்தை மடோகா ஹோமுராவுக்குக் கொடுத்துவிட்டு, கியூபேயிடம் ஏமாறுவதற்கு முன்பே என்னைக் காப்பாற்று என்று கேட்கிறாள். பிறகு, தான் மாறிவிடும் முன்னால் கொன்றுவிடும்படி கேட்கிறாள். இருதய நோயோடு மருத்துவமனையிலிருந்து வந்து, மூக்குக் கண்ணாடியும் இரட்டைச் சடையுமாகத் தயங்கி நின்ற பெண் அங்கேதான் முடிந்துபோகிறாள். முதல் அத்தியாயத்தில் நாம் பார்த்த இறுகிய முகம் அதற்குப் பிறகு வந்தது. ஒவ்வொரு வாரமும் தொடக்கத்தில் ஒலித்த பாட்டு இந்த அத்தியாயத்தின் இறுதியில் ஒலிக்கிறது. அதன் சொற்கள் ஹோமுராவுடையவை என்று அப்போதுதான் புரிகிறது.

11. பிரபஞ்சத்தின் பயனுள்ள ஆற்றல் குறைந்துகொண்டே போவதை (எண்ட்ரோபி) ஈடுகட்டவே, சிறுமிகள் சூனியக்காரியாகும்போது வெளிப்படும் உணர்ச்சியை ஆற்றலாகச் சேகரிப்பதாகக் கியூபே சொல்லும் விளக்கம் அறிவியல்படி சரியா?

சரியில்லை. விறகை எரித்துக் கிடைக்கும் ஆற்றல் மரத்தை வளர்க்கும் உழைப்புக்கு ஈடாகாது என்று கியூபே சொல்லும் உவமை எளிதாகப் புரியும். ஆனால் உணர்ச்சி வெப்ப இயக்க விதிகளுக்குக் கட்டுப்படாத ஆற்றல் என்பது கற்பனை. பிரபஞ்சத்தைக் காக்கச் சில சிறுமிகளின் நம்பிக்கை முறிந்தால் என்ன என்று கேட்கும் வாதம்தான் முக்கியம். அதற்கு இயற்பியல் வெறும் சாக்கு.

12. சூனியக்காரிகளின் உலகம் மட்டும் வேறு கைகளால் வரைந்ததுபோல் இருக்கிறதே?

வேறு கைகள்தான். ‘கெகிதான் இனு கறி’ என்ற கலைஞர் இணை அவற்றை வடிவமைத்தது. காகிதத் துண்டுகள், துணி, பழைய அச்சுப் படங்கள் ஆகியவற்றை வெட்டி ஒட்டியதுபோன்ற காட்சிகள். அங்கே சுவர்களில் தெரியும் விசித்திர எழுத்துகளை ரசிகர்கள் ஒளிபரப்பு நடந்துகொண்டிருந்தபோதே அவிழ்த்துப் படித்தார்கள். கதேயின் ‘ஃபாவுஸ்ட்’ நாடக வரிகள் ஜெர்மன் மொழியில் இருந்தன. ஃபாவுஸ்டும் ஆன்மாவை ஒப்பந்தத்தில் வைத்தவன். மடோகாவின் சூனியக்காரி வடிவத்துக்குக் கிரெட்சன் என்ற பெயர் வருவதும் அந்த நாடகத்திலிருந்துதான். நாடகத்தைப் படிக்காமலும் தொடர் புரியும்.

13. சிறுமிகள் வதைபடுவதைக் காட்டிக் காசு பார்க்கும் தொடர் என்ற குற்றச்சாட்டு நியாயமா?

கேட்கப்பட வேண்டிய கேள்வி. இதைப் பார்த்தவர்களில் பெரும்பகுதி வளர்ந்த ஆண்கள், தொடரை ஆக்கியவர்களின் தலைமையிலும் ஆண்களே அதிகம் இருந்தார்கள். என் முடிவு தொடருக்குச் சாதகமானது. கேமரா இவர்களின் வலியைச் சுவைக்கவில்லை. மாமியின் மரணம்கூட தூரத்திலிருந்தும் நிழலிலும்தான் தெரிகிறது. சிறுமிகள் வலியை விரும்புகிறவர்களாகவோ அதற்குத் தகுதியானவர்களாகவோ எங்கும் காட்டப்படவில்லை. அவர்களைச் சக்கையாகப் பிழியும் ஏற்பாட்டைத்தான் தொடர் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறது.

இதன் வெற்றிக்குப் பிறகு வந்த பல தொடர்களைப் பற்றி இதைச் சொல்ல முடியாது. 2018இன் ‘மேஜிக்கல் கேர்ள் சைட்’ போன்றவை வதையை அடுக்கிக்கொண்டே போனதைத்தான் கண்டேன். 2014இன் ‘யூகி யூனா’ விதிவிலக்கு. உடலின் ஒவ்வொரு திறனாக இழக்கும் சிறுமிகளை அது மதிப்போடு நடத்தியது.

14. கடைசியில் மடோகா கடவுளாகிவிடுவது எளிதான தப்பித்தல் இல்லையா?

அவள் கேட்ட வரத்தை மறுபடி கேளுங்கள். எல்லாச் சூனியக்காரிகளும் பிறப்பதற்கு முன்பே, கடந்த காலத்திலும் நிகழ்காலத்திலும் எதிர்காலத்திலும், தன் கையால் இல்லாமல் போக வேண்டும். யாருடைய வரத்தையும் அவள் ரத்து செய்யவில்லை. சயாகாவின் வரம் நிற்கிறது, கியோசுகே வாசிக்கிறான், சயாகா மறைகிறாள். சிறுமிகள் நம்பியது தவறு என்று ஆகிவிடக்கூடாது என்பதுதான் அவள் பிடிவாதம். பதினோராவது அத்தியாயத்தில் கிளியோபாட்ராவையும் ஜோன் ஆஃப் ஆர்க்கையும்போன்ற உருவங்களைக் காட்டி, உங்கள் நாகரிகமே இப்படிப்பட்ட பலிகளால் வந்தது என்று கியூபே பெருமை பேசியது. மடோகா அந்த ஒவ்வொருத்தியிடமும் போய் நிற்கிறாள்.

விலையும் கொடுக்கிறாள். அம்மாவுக்கு இப்படி ஒரு மகள் இருந்த நினைவே இல்லை. ஏதோ ஓர் உணர்வு மட்டும் மிச்சம். அழுக்கு வேறு உருவில் உலகில் தொடர்கிறது, போராட்டமும் தொடர்கிறது. இதைத் தப்பித்தல் என்று என்னால் சொல்ல முடியாது.

15. கடைசி இரண்டு அத்தியாயங்கள் ஏன் தாமதமாகின?

2011 மார்ச் 11 அன்று கிழக்கு ஜப்பானைத் தாக்கிய நிலநடுக்கமும் சுனாமியும் காரணம். ஊரே நீரில் மூழ்கி மக்கள் முகாமில் தங்கும் காட்சிகள் அந்த அத்தியாயங்களில் உண்டு. ஏப்ரல் மாதப் பிற்பகுதியில் இரண்டும் அடுத்தடுத்து ஒளிபரப்பாகின. அதே ஆண்டுக்கான ஜப்பான் ஊடகக் கலை விழாவில் அனிமேஷன் பிரிவின் முதல் பரிசு இந்தத் தொடருக்குக் கிடைத்தது.

16. எந்த வரிசையில் பார்ப்பது?

முதலில் 12 அத்தியாயங்கள். 2012 அக்டோபரில் வந்த இரண்டு திரைப்படங்களும் இதே கதையின் சுருக்கம். தொடரைப் பார்த்தவர்களுக்குக் கட்டாயமில்லை. அடுத்து 2013இன் ‘ரெபெலியன்’. அதில் ஹோமுரா எடுக்கும் முடிவு தொடரின் முடிவையே புரட்டிப்போடுகிறது. அதை ஏற்காதவர்கள் நிறைய. நான் ஏற்கிறேன், ஏனென்றால் அத்தனை சுற்றுகள் வாழ்ந்த ஒருத்தி மடோகாவின் தியாகத்தை நிம்மதியாக ஏற்றுக்கொண்டிருந்தால்தான் எனக்கு நம்பிக்கை வந்திருக்காது. இதன் தொடர்ச்சியாக ‘வால்புர்கிஸ்நாக்ட் ரைசிங்’ என்ற படம் 2021இல் அறிவிக்கப்பட்டது. ‘மேஜியா ரெக்கார்ட்’ கைப்பேசி விளையாட்டிலிருந்து பிறந்த கிளைக்கதை. எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம். பன்னிரண்டாவது அத்தியாயத்துக்கும் ‘ரெபெலிய’னுக்கும் நடுவே சில வாரங்கள் இடைவெளி விடுங்கள்.